ஹைபிரிட் எஸ்.யூ.வி.யா, பெட்ரோல் எஸ்.யூ.வி.யா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வடபழனியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு நாள்தோறும் காரில் சென்று வருகிறேன். நான் விரும்பும் எஸ்.யூ.வி.யின் ஹைபிரிட் மாடல், பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கைவிட இரண்டரை லட்சம் ரூபாய் அதிகம். அந்தப் பணத்தை எரிபொருளில் மீட்க முடியுமா?

முடியும், ஆனால் ஷோரூமில் சொல்வதைவிட அதிகக் காலம் பிடிக்கும். ஹைபிரிட் என்பது பெட்ரோல் எஞ்சினோடு, பேட்டரியில் இயங்கும் மின் மோட்டாரும் உள்ள கார். முதலில், வித்தியாசம் இரண்டரை லட்சத்தோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையிலான கார்களுக்குச் சாலை வரி 18 விழுக்காடு என்பதால், அந்தக் கூடுதல் தொகைக்கும் வரி சேர்ந்து ஏறக்குறைய 2.95 லட்சமாகிவிடும். ஹைபிரிட் மாடலின் விலை 20 லட்சத்தைத் தாண்டினால் வரி 20 விழுக்காடாக உயர்வதால், அந்த எல்லைக்கு அருகில் உள்ள மாடல்களில் ஆன்-ரோடு விலையை, அதாவது வரியும் இன்சூரன்சும் சேர்ந்த மொத்த விலையை, எழுத்தில் வாங்கிப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஜி.எஸ்.டி.யில் முன்பு ஹைபிரிட்டுக்கு இருந்த சிறு சலுகையும் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் முதல் நான்கு மீட்டருக்கு மேல் நீளமுள்ள இரு வகைக்கும் 40 விழுக்காடுதான்.

இனி எரிபொருளுக்கு வருவோம். உங்கள் பயணம் ஆண்டுக்குச் சுமார் 12,000 கிலோமீட்டர் இருக்கும். நிறுவனம் அறிவிக்கும் மைலேஜை ஒதுக்கிவிட்டு, சென்னை நெரிசலில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்குக்கு லிட்டருக்கு 11 கிலோமீட்டர், முழு ஹைபிரிட்டுக்கு (மோட்டார் மட்டுமே காரை நகர்த்தக்கூடிய வகை) 20 என்று நான் கணக்கிடுவது வழக்கம். அப்படியானால் ஆண்டுக்கு 490 லிட்டர் மிச்சமாகும். லிட்டர் 101 ரூபாய் என்றால் ஏறத்தாழ 49,500 ரூபாய். ஆக, கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்ப ஆறு ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் போதும். 6,000 மட்டும் ஓட்டுபவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும்.

காரை ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருப்பீர்கள் என்றால் ஹைபிரிட்டையே வாங்குங்கள். பணக் கணக்கில் வராத ஒரு சுகமும் அதில் உண்டு. மே மாத மதியத்தில் மத்திய கைலாஷ் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்தே இருக்கும். கம்ப்ரசர் மின்சாரத்தில் இயங்குவதால் ஏ.சி. மட்டும் குளிர்ந்த காற்றை வீசிக்கொண்டிருக்கும். பேட்டரி இறங்கியதும் எஞ்சின் தானே எழுந்து அதை நிரப்பிவிட்டு மீண்டும் அடங்கும். பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலின் ஒரு பகுதியும் பேட்டரிக்கே திரும்புவதால், ஊர்ந்து செல்லும் சாலையில்தான் இந்தக் கார் தன் விலைக்கு வேலை செய்கிறது.

மாதம் இருமுறை குடும்பத்தோடு மதுரைக்குச் செல்வேன். நகருக்குள் கார் எடுப்பது அரிது. எதை வாங்கலாம்?

பெட்ரோல். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது பிரேக்குக்கு வேலை குறைவு, எஞ்சின் அணைவதும் குறைவு. எனவே மைலேஜ் இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிடும். மேலும் மாருதியின் கிராண்ட் விட்டாரா, டொயோட்டாவின் ஹைரைடர் ஆகியவற்றின் முழு ஹைபிரிட் மாடல்களில் பேட்டரி பின்புறத் தரைக்கடியில் இருப்பதால் டிக்கி சிறியது. ஊரிலிருந்து அரிசி மூட்டையோடு திரும்பும் குடும்பத்துக்கு அது பெரிய குறை.

மைல்டு ஹைபிரிட்டும் ஹைபிரிட்தானே? விலையும் குறைவாக இருக்கிறதே?

பெயரில் மட்டுமே உறவு. மைல்டு ஹைபிரிட்டில் பெல்ட் மூலம் எஞ்சினோடு இணைந்த சிறு மோட்டார், வேகம் எடுக்கும்போது ஒரு கை கொடுக்கும். அது தனியாகக் காரை நகர்த்தாது. முழு ஹைபிரிட்டில் மோட்டாரே சக்கரத்தைச் சுழற்றும். 2022-இல் வந்த கிராண்ட் விட்டாராவில் இரண்டு வகையும் உண்டு: நிறுவனம் அறிவித்த மைலேஜ் மைல்டு மேனுவலுக்கு லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர், முழு ஹைபிரிட்டுக்கு 27.97. என் தங்கை வீட்டார் ஒரு ஷோரூமில் "ஹைபிரிட்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பி முன்பணம் கட்டிய பிறகே அது மைல்டு வகை என்று அறிந்தார்கள். இந்த வருத்தம் வேறொருவருக்கு நேரக் கூடாது. டெஸ்ட் டிரைவின்போது நிறுத்துமிடத்தில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்துங்கள். எஞ்சின் சத்தமே இல்லாமல் கார் நகர்ந்தால் அது முழு ஹைபிரிட்.

முடிச்சூரில் வசிக்கிறோம். ஆண்டுதோறும் மழைநீர் புகும் பகுதி. ஹைபிரிட் காரில் தண்ணீர் ஏறினால் மின்சாரம் தாக்குமா?

இந்த அச்சம் நியாயமானது, ஆனால் பெருமளவு தேவையற்றது. உயர் மின்னழுத்தப் பேட்டரியும் அதன் கம்பிகளும் காரின் உடலோடு தொடர்பின்றித் தனித்து வைக்கப்பட்டிருக்கின்றன. கசிவு உணரப்பட்டால் இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும். உண்மையான ஆபத்து இரு வகைக்கும் பொதுவானது: காற்று இழுக்கும் குழாய் வழியே நீர் எஞ்சினுக்குள் போவது. தண்ணீரில் நின்ற காரின் ஸ்டார்ட் பட்டனை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள், உயர் மின்னழுத்தம் பாயும் ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொடாதீர்கள், வண்டியைக் கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றியே கொண்டு செல்லுங்கள். இன்சூரன்சில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசியை எடுத்து, ஹைபிரிட் பேட்டரியும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாக நிறுத்தினார்கள். உங்கள் பகுதியில் அப்படி ஒரு மேடான இடத்தை மழைக்கு முன்பே பார்த்து வையுங்கள். எந்தக் கார் வாங்கினாலும் அதற்கு ஈடான பாதுகாப்பு இல்லை.

ஓய்வு பெற்றவர்கள் நாங்கள். மயிலாப்பூருக்குள்தான் ஓட்டம், ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் தாண்டாது.

பெட்ரோல் போதும். மிச்சப்பட்ட பணம் வங்கியிலேயே இருக்கட்டும்.

எட்டு ஆண்டுக்குப் பின் பேட்டரி என்னவாகும்?

டொயோட்டாவும் மாருதியும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. பேட்டரி முழுதாக நிரம்பாமலும் முழுதாக வற்றாமலும் கட்டுப்படுத்தப்படுவதால், உத்தரவாதம் முடிந்த மறுநாளே அது செயலிழந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அதன் பகை வெப்பம். பல மாடல்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கையின் ஓரத்தில் உள்ள சிறு சல்லடை வழியாகவே உள்ளே செல்கிறது. அதன்மேல் பிள்ளைகளின் பள்ளிப் பையையோ துண்டையோ போட்டு மூடிவிடாதீர்கள். சர்வீசுக்கு விடும்போதெல்லாம் அந்தச் சல்லடையைத் தூசு தட்டச் சொல்லுங்கள்.