வியன்னாவில் ஒரு பகல், இரவில் நைட்ஜெட்: கேள்வி பதில்

கேள்வி: காலை ஒன்பது மணிக்கு நானும் கணவரும் வியன்னா ஹாப்ட்பான்ஹோஃப் நிலையத்தில் இறங்குகிறோம். அன்றிரவே அங்கிருந்து வெனிஸுக்கு நைட்ஜெட் என்ற இரவு ரயில். பகலை எப்படித் திட்டமிடுவது?

பதில்: யு1 மெட்ரோ தடத்தை ஒட்டியே சுற்றுங்கள். மாலையில் எங்கே நின்றாலும் வண்டி மாறாமல் நிலையத்துக்குத் திரும்பிவிடலாம்.

பெட்டிகளை நிலைய லாக்கரில் வைத்துவிட்டு முதலில் மேல் பெல்வெடேர் அரண்மனைக்கு நடந்தே போங்கள். கால் மணி நேரம் ஆகும். கிளிம்ட் 1907-08இல் வரைந்த 'முத்தம்' ஓவியம் அங்கேதான் இருக்கிறது. டிக்கெட்டை நேரம் குறித்து இணையத்தில் எடுத்துவிட்டால் வரிசை மிச்சம். பிறகு தோட்டத்தின் வழியே கீழே இறங்குங்கள். சரிவு நகரை நோக்கியே போவதால் நடை சுலபம், எதிரே நகரின் கோபுரங்களும் தெரியும். கார்ல்ஸ்கிர்ஹே தேவாலயத்தைப் பார்த்துவிட்டு கார்ல்ஸ்பிளாட்ஸில் யு1 ஏறினால் அடுத்த நிறுத்தமே ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ். அங்கே பேராலயம், கிராபன், கோல்மார்க்ட் வீதிகள் வழியாக நடந்தால் ஹோஃப்பர்க் அரண்மனை. மாலையில் மறுபடி யு1 பிடித்து மூன்றாவது நிறுத்தமான பிராட்டர்ஸ்டெர்னில் இறங்குங்கள். 1897இல் எழுப்பிய ராட்சத ராட்டினம் பக்கத்தில்தான். திரும்பும்போதும் அதே யு1தான், ஆறு நிறுத்தம்.

கேள்வி: ஷோன்ப்ருன் அரண்மனையை விட மனசு வரவில்லையே, சார்?

பதில்: அப்படியானால் பெல்வெடேரை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒரே பகலில் அடைத்தால் இரண்டுமே ஓட்டமாகிவிடும். ஷோன்ப்ருனுக்கு அரை நாள் வேண்டும்: கார்ல்ஸ்பிளாட்ஸில் யு4க்கு மாறிப் போகலாம். உள்ளே போக நேரம் குறித்த டிக்கெட் தேவை. பெரிய பூங்கா இலவசம். குளோரியேட் மேடு வரை ஏறிப் பார்த்தாலே போதும் என்பது என் கருத்து.

கேள்வி: அப்பா அம்மாவை அனுப்புகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி. பேராலயக் கோபுரம் ஏறலாமா?

பதில்: தெற்குக் கோபுரம் வேண்டாம். குறுகலான சுருள் படிக்கட்டு, 343 படி. வடக்குக் கோபுரத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. 'பும்மெரின்' என்ற பெரிய மணியும் அங்கேதான். பெல்வெடேரிலிருந்து கீழே இறங்கி நடப்பதற்குப் பதில் டி எண் டிராமில் ஏற்றிவிடுங்கள். அது ரிங் சாலைக்கே கொண்டுபோய்விடும்.

கேள்வி: நாங்கள் சைவம். என்ன சாப்பிடலாம்?

பதில்: சூப்பில்தான் கவனம் வேண்டும். தோசைக் கீற்றுகள் போட்டு வரும் ஃப்ரிட்டாட்டன்சுப்பே பார்க்கச் சைவமாகத் தெரியும். வழக்கமாக அது மாட்டெலும்புச் சாற்றில் செய்வது. கேஸ்ஷ்பெட்ஸ்லே (சீஸ் போட்ட மாவுருண்டை) இறைச்சி இல்லாதது, ஆனால் மாவில் முட்டை உண்டு. முட்டையும் ஆகாது என்றால் நாஷ்மார்க்ட் சந்தையில் ஃபலாஃபெல் வாங்குங்கள். ஞாயிறு அன்று சந்தை மூடியிருக்கும். நகரில் பெரும்பாலான கடைகளும் அன்று விடுமுறைதான். ஹாப்ட்பான்ஹோஃபில் உள்ள சூப்பர்மார்க்கெட் திறந்திருக்கும். ரயிலில் உணவுப் பெட்டி கிடையாது, சிற்றுண்டிதான் கிடைக்கும். அதனால் ரொட்டி, பழம், தயிர் வாங்கிக்கொண்டே ஏறுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆல்ப்ஸ் ஊற்றுகளிலிருந்து 1873 முதல் குழாய் வழியே நகருக்கு வருகிறது.

கேள்வி: இருவருக்கும் கூஷெட் (பலர் சேர்ந்து படுக்கும் அறை) போதுமா, ஸ்லீப்பர் (தனிப் படுக்கை அறை) எடுக்கலாமா?

பதில்: பணம் இடம் கொடுத்தால் ஸ்லீப்பரில் இருவர் அறை. கதவைப் பூட்டிக்கொண்டால் வேறு யாரும் வரமாட்டார்கள். கூஷெட்டில் நால்வரோ அறுவரோ ஒரே அறையில் படுக்க வேண்டும். தலையணை, போர்வை அவர்களே தருவார்கள், காலையில் ரொட்டியும் காபியும் உண்டு. 'பெண்களுக்கான அறை' என்ற தேர்வைத் தவறிப் போட்டால் இருவரும் வெவ்வேறு அறையில் இருப்பீர்கள். யூரெயில் பாஸ் (பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களுக்கான ஒரே பயணச்சீட்டு) இருந்தாலும் படுக்கைக்கு முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

கேள்வி: ரயிலைத் தவறவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. என்ன தவறு நடக்கக்கூடும்?

பதில்: மூன்று. முதலாவது, வெஸ்ட்பான்ஹோஃப் என்ற வேறொரு பெரிய நிலையத்துக்குப் போய் நிற்பது. டிக்கெட்டில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். இரண்டாவது, ஓபரா. ஸ்டேட் ஓபராவில் மலிவான நின்று பார்க்கும் டிக்கெட் உண்டு, ஆனால் பல நிகழ்ச்சிகள் முடிய இரவு பத்தாகிவிடும். இடைவேளையில் கிளம்ப மனம் இருந்தால் மட்டும் போங்கள். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: ஒரே நைட்ஜெட்டின் பெட்டிகள் வழியில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போகும். கிடைத்த பெட்டியில் ஏறிப் படுத்தால் காலையில் வேறு ஊரில் விழிப்பீர்கள். பெட்டி எண்ணையும் கதவருகே எழுதியுள்ள ஊர்ப் பெயரையும் பார்த்தே ஏறுங்கள். லாக்கர் சீட்டை இருவர் போனிலும் படம் எடுத்து வையுங்கள். புறப்பட ஒரு மணி நேரம் முன்பே லாக்கரிலிருந்து பெட்டிகளை எடுத்துவிட்டால் நிதானமாக நடைமேடை தேடலாம்.