காற்றும் வெயிலும் இருக்க அணுமின்சாரம் எதற்கு?

காற்றாலைகளும் சூரிய மின்தகடுகளும் பெருகிவரும் தமிழ்நாட்டுக்கு அணுமின்சாரம் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை என்பதே என் கருத்து. ஆனால் அதன் இடம் எது என்பதில் தெளிவு வேண்டும்.

ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போய்ப் பாருங்கள். கணவாய் வழியே சீறிவரும் தென்மேற்குப் பருவக்காற்றில் காற்றாலைகள் ஓயாமல் சுழலும். மே முதல் செப்டம்பர் வரைதான் இந்த வேகம். பிறகு காற்று தணிந்துவிடும். வெயிலோ மாலையில் விடைபெறுகிறது, வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கும் அதே வேளையில். இந்த இடைவெளியை இன்று பெரும்பாலும் நிலக்கரிதான் நிரப்புகிறது.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் தலா 1,000 மெகாவாட் கொண்ட முதல் இரண்டு உலைகளும் பருவம் பார்ப்பதில்லை. எரிபொருள் மாற்றவும் பராமரிக்கவும் நிறுத்தும் காலம் தவிர இரவும் பகலும் ஓடக்கூடியவை. கட்டுமானம் முதல் கழிவு வரை சேர்த்துக் கணக்கிட்டால், அணுமின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 12 கிராம் கரியமில வாயுவை வெளியிடுகிறது என்பது பருவநிலை மாற்றத்தை ஆராயும் ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் 2014ஆம் ஆண்டு மதிப்பீடு. நிலக்கரிக்கு 820 கிராம்! ஆகவே அணு உலை போட்டியிட வேண்டியது நிலக்கரியோடு, காற்றாலையோடு அல்ல.

குறை இல்லாமல் இல்லை. கூடங்குளத்துக்கு 1988இல் ஒப்பந்தம், 2002இல் கட்டுமானம். முதல் உலை வணிக உற்பத்திக்கு வந்தது 2014 இறுதியில். அவசரத் தேவைக்கு இது உதவாது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின், கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மீனவர்கள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகளை அறியாமை என்று ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். பயன்படுத்திய எரிபொருளை எங்கே, எப்படி வைக்கிறார்கள் என்பதை அந்த ஊர் மக்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொல்ல வேண்டும்.