பதில்: போர்ச்சுகல் ஏன் துணியை இறக்குமதி செய்ய வேண்டும்?

வணக்கம். துணி, ஒயின் இரண்டையுமே போர்ச்சுகல் குறைந்த உழைப்பில் செய்யும்போது, இங்கிலாந்துத் துணியை அது ஏன் வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் துணிக்கு இங்கிலாந்தில் தேவைப்படும் 100 பேரைப் போர்ச்சுகலின் 90 பேரோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதில் தெரிவது முழு நன்மை, அதாவது ஒரு பொருளை யார் குறைந்த உழைப்பில் செய்கிறார் என்பது மட்டும்தான். ஒப்பீட்டு நன்மைக்கு, அதாவது ஒரு பொருளுக்காக மற்றதை யார் குறைவாக விட்டுக்கொடுக்கிறார் என்று அறிய, ஒரே நாட்டுக்குள் துணியையும் ஒயினையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோ 1817இல் தந்த எண்களையே எடுங்க. ஒரு பங்கு செய்ய, ஓராண்டு வேலைக்கு இங்கிலாந்தில் துணிக்கு 100 பேர், ஒயினுக்கு 120. போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. போர்ச்சுகல் ஒரு பங்கு துணி நெய்தால், அந்த 90 பேர் செய்திருக்கக்கூடிய 1.125 பங்கு ஒயின் போய்விடுகிறது. இங்கிலாந்தில் அதே துணிக்காக விட்டுக்கொடுப்பது 0.83 பங்குதான். வாய்ப்புச் செலவில், அதாவது விட்டுக்கொடுப்பதை வைத்துப் பார்த்தால் துணி மலிவு இங்கிலாந்தில்!

இப்போது ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்ளட்டும். 80 பேர் செய்த ஒயினைக் கொடுத்துப் போர்ச்சுகல் துணி வாங்குகிறது. தானே நெய்தால் 90 பேர் வேண்டும். 10 பேரின் உழைப்பு மிச்சம். இங்கிலாந்துக்கு 20 பேர் மிச்சம். இதை விடைத்தாளில் கட்டாயம் எழுதுங்க. ஒரு பங்கு துணியின் விலை 0.83 பங்கு ஒயினுக்கும் 1.125 பங்கு ஒயினுக்கும் இடையே எங்கு நின்றாலும் இருவருக்கும் லாபமே.

மூலதனம் நாடு விட்டு நாடு எளிதில் போகாது என்பது ரிக்கார்டோவின் அனுமானம். அது தடையின்றி நகர்ந்தால் இரண்டையும் போர்ச்சுகலிலேயே செய்வது நல்லது என்று ரிக்கார்டோவே ஒப்புக்கொள்கிறார். அந்த இடத்தில் உங்கள் சந்தேகம் ரொம்ப நியாயமானது.