ஜூரிக்குப் போகாததால் வாரண்ட் என்று போன் வந்தால்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். போன வாரம் "ஷெரிஃப் ஆபீஸ்" என்று சொல்லி என் கணவருக்கு போன் வந்தது. ஜூரி டியூட்டிக்கு (நீதிமன்ற வழக்கில் குடிமக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் கடமை) வராததால் வாரண்ட், 1,800 டாலரை கிஃப்ட் கார்டாகக் கட்டினால் ரத்து என்றார்கள். பணம் கட்டவில்லை, ஆனால் பதற்றத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் பிறந்த தேதியையும் சொல்லிவிட்டார். நிஜமாகவே வாரண்ட் இருக்குமா? கிரீன் கார்டில் உள்ள மாமனாருக்கும் இப்போது ஜூரி கடிதம் வந்திருக்கிறது. அதுவும் மோசடியா?

பதில்: வந்த போன் மோசடிதான், சந்தேகமே வேண்டாம். ஜூரி அழைப்பு தபாலில் வரும். போகாமல் விட்டவரை நீதிபதி நேரில் அழைத்துக் காரணம் கேட்பார். ஃபெடரல் சட்டத்தில் அதிகபட்சமே 1,000 டாலர் அபராதம், 3 நாள் சிறை, சமூக சேவை. அதையும் நீதிபதிதான் விதிக்க முடியும். கிஃப்ட் கார்டு, பிட்காயின் மெஷின், ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை வழியாக எந்த நீதிமன்றமும் அபராதம் வாங்குவதில்லை.

திரையில் ஷெரிஃப் அலுவலகத்தின் அசல் எண்ணே தெரிந்திருக்கலாம். அதை நம்பாதீர்கள். எண்ணைச் சரிபார்க்கும் தொழில்நுட்பம் பெரிய தொலைபேசி நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 முதல் கட்டாயம். ஆனால் பழைய லைன்கள் வழியாகப் போலி எண்கள் இன்னும் நுழைகின்றன. நிறுவனங்களுக்கு அரசு அவகாசம் மேல் அவகாசம் கொடுக்கிறது, பணத்தை இழப்பது பெரியவர்கள். மோசடிக்காரர்கள் நீதிபதியின் பெயரை நீதிமன்றத் தளத்திலிருந்தே எடுத்துச் சொல்வார்கள். "கடைக்குப் போங்கள், 500 டாலர் கார்டு வாங்குங்கள், பின்பக்கம் சுரண்டி எண்ணைப் படியுங்கள், லைனை மட்டும் வைக்காதீர்கள்" என்பார்கள். லைனை வைத்தால் நீங்கள் வேறு யாரையாவது கேட்டுவிடுவீர்கள் என்ற பயம்தான். எண்ணைப் படித்துக் காட்டிவிட்டால் சில நிமிடத்தில் கார்டு காலி.

உங்கள் கணவர் இன்றே செய்ய வேண்டியது கிரெடிட் ஃப்ரீஸ், அதாவது அவர் பெயரில் வேறு யாரும் புதிதாகக் கடன் வாங்க முடியாதபடி கடன் விவரத்தைப் பூட்டுவது. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கடன் தகவல் நிறுவனங்களிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் செய்தால் மற்றவற்றுக்குப் போகாது. 2018 முதல் சட்டப்படி இலவசம். சில தளங்களில் "லாக்" என்று மாதக் கட்டணச் சேவையை முன்னால் நிறுத்துவார்கள், அது வேறு. நீங்கள் தேட வேண்டிய சொல் "ஃப்ரீஸ்". பிறகு ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித்துறை) தளத்தில் ஐபி பின் என்ற 6 இலக்க அடையாளப் பாதுகாப்பு எண்ணை வாங்குங்கள். அது இல்லாமல் அவர் எண்ணில் வேறு யாரும் ஆன்லைனில் வரித் தாக்கல் செய்ய முடியாது. நுகர்வோர் மோசடிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான எஃப்டிசிக்கு 1-877-382-4357 எண்ணில் புகார் கொடுங்கள்.

இன்னொரு கூட்டமும் வரும். "வாரண்டை முடித்துத் தருகிறோம்", "உங்கள் தகவலை மீட்டுத் தருகிறோம்" என்று கட்டணம் கேட்பார்கள். பல நேரம் உங்கள் எண்ணை வாங்கியவர்களேதான் அவர்கள். ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள்.

மாமனாரின் கடிதம் உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நியூ ஜெர்சியில் வாக்காளர் பட்டியலோடு ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரிப் பட்டியல்களிலிருந்தும் பெயர் எடுக்கிறார்கள். அதனால் குடியுரிமை இல்லாதவர்களுக்கும் கடிதம் போய்விடுகிறது. யார் குடிமகன் என்று பார்க்காமலே அனுப்பிவிட்டு, சிரமத்தை வீட்டிலுள்ளவர்கள் தலையில் கட்டுகிறார்கள். கடிதத்தில் உள்ள எண்ணை அழைக்காமல், மாநில நீதிமன்றத்தின் தளத்தில் மிடில்செக்ஸ் கவுண்டி ஜூரி அலுவலக எண்ணைப் பார்த்துக் கேளுங்கள். அசல் என்றால் குப்பையில் போடாதீர்கள். பதில் அனுப்பாவிட்டால் அப்போதுதான் நிஜமான சிக்கல். படிவத்தில் "அமெரிக்கக் குடிமகனா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்றே குறிக்க வேண்டும். அவசரத்தில் பிள்ளைகள் நிரப்பும்போது எல்லாவற்றுக்கும் "ஆம்" போட்டுவிடுவது உண்டு. குடியுரிமை இருப்பதாகப் பொய்யாகச் சொன்னதாக அது எடுத்துக்கொள்ளப்பட்டால் கிரீன் கார்டுக்கே ஆபத்து. நாடு கடத்த அது ஒரு காரணம். அவரையே பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லி, அவர் பதிலைக் கேட்டு நிரப்புங்கள். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும். அனுப்பும் முன் படிவத்தை இருபுறமும் நகலெடுத்து, கிரீன் கார்டு நகலோடு சேர்த்து வையுங்கள். பின்னால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது கேட்டால் காட்டலாம்.