சமையலறைத் தரையை நானே மாற்றலாமா?

கேள்வி: தக்கலையில் சொந்த வீடு. 10-க்கு 10 சமையலறை. 2-க்கு 2 விட்ரிஃபைடு டைல்ஸில் மூன்று தூக்கிக்கொண்டு நிற்கின்றன. ‘மொத்தமா உடைச்சுத்தான் போடணும்’ என்கிறார் காண்ட்ராக்டர். வீடியோ பார்த்து நானே செய்யலாமா?

பதில்: முழுத் தரை என்றால் வேண்டாம். தண்ணீர் வாட்டம் பார்த்து மட்டம் பிடிப்பது வீடியோ பார்த்துக் கைக்கு வராது. ஒரு கொத்தனாரும் ஒரு சித்தாளும் போதும், காண்ட்ராக்டர் எதற்கு?

உங்களுக்கு முழுத் தரையும் போயிருக்கிறதா என்பதே சந்தேகம். நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டுங்கள். உள்ளே காலியாக ‘டொக் டொக்’ என்று கேட்டால் சாக்பீஸால் குறி போடுங்கள். குறி அந்த மூன்றோடு நின்றால், அதை நீங்களே செய்யலாம். டைல்ஸைப் பெயர்த்து, அடியில் உள்ள பழைய கலவையை உளியால் செதுக்கிக் கழியுங்கள். புது டைலும் பசையும் சேர்ந்து பக்கத்து டைலின் மட்டத்துக்கு வரும்வரை செதுக்க வேண்டும், பொறுமை தேவை. தூசியைத் துடைத்துவிட்டு, டைல்ஸ் ஒட்டும் பசையைப் பல் கரண்டியால் (விளிம்பில் பல் பல்லாக வெட்டிய கரண்டி) இழுத்துப் பரப்புங்கள். நாலு மூலையில் உருண்டை உருண்டையாக வைக்கக் கூடாது. ஒரு நாள் யாரும் மிதிக்கக் கூடாது. மழைக்காலத்தில் பசை மூட்டையைப் பிரித்து வைத்தால் கட்டியாகிவிடும். சின்ன மூட்டையாக வாங்குங்கள்.

டைல்ஸ் ஏன் தூக்குகிறது? விட்ரிஃபைடு டைல் உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்கும் குறைவு. தண்ணீரில் கரைத்த வெறும் சிமென்ட் பால் அதில் பிடிக்காது. ‘ஒட்டி ஒட்டிப் போட்டாத்தான் அழகு’ என்று இடைவெளியே விடாமல் போடுவது அடுத்த கொடுமை. வெயிலில் விரிய இடமில்லாமல் ஒன்றையொன்று நெட்டித் தூக்குகின்றன. 2 மில்லிமீட்டராவது விடச் சொல்லுங்கள்.

முழுத் தரையும் மாற்றத்தான் வேண்டும் என்றால், ‘டைல்ஸ் நானே எடுத்துத் தாறேன்’ என்பவரிடம் உஷார். ஆள் கூட்டி வருபவருக்குக் கமிஷன் தரும் கடைகள் உண்டு. அது உங்கள் பில்லில்தான் ஏறும். 100 சதுர அடிக்கு 25 டைல், சேதாரத்துக்கு மூன்று. பெட்டிக்கு 4 என்றால் 7 பெட்டி. பத்து கேட்டால் ஏன் என்று கேளுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண்தானா என்று கடையிலேயே பாருங்கள்.

வீடு கட்ட அனுமதி வாங்க எத்தனை கையெழுத்து! தரை பெயர்ந்தால் கேட்க ஒரு அதிகாரி இல்லை. நாகர்கோவிலில் நுகர்வோர் ஆணையம் இருக்கிறதுதான். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் துண்டுச் சீட்டுக் கணக்கை வைத்துக்கொண்டு அங்கே என்ன பேசுவது? பொருளுக்குப் பில், கூலிக்குக் கையெழுத்துப் போட்ட ரசீது, இரண்டும் வாங்குங்கள். வேலை முடிந்ததும் திரும்ப நாணயத்தால் தட்டிப் பார்த்துவிட்டு மிச்சக் கூலியைக் கொடுங்கள்.