ஜனவரியோடு நின்றுபோகும் வேத வாசிப்பு

கேள்வி: ஒரே ஆண்டில் வேதம் (பைபிள்) முழுவதையும் வாசித்துவிட ஒவ்வொரு ஜனவரியிலும் தொடங்குகிறேன். மூன்றாவது புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. ஜெபிக்க முழங்காலிட்டால் நினைவு எங்கெங்கோ ஓடுகிறது. ஆண்டவரை விட்டுத் தூரமாகிவிட்டேனோ?

பதில்: இல்லை. நீங்கள் எடுத்துக்கொண்ட அளவுதான் பெரியது. 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு படித்தாக வேண்டும். முதல் இரண்டு புத்தகங்களான ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களும் முடிய ஜனவரியும் முடிகிறது. அடுத்து வருவது லேவியராகமம், பலிகளின் சட்டம். அந்தப் பலிகளைக் கிறிஸ்துவின் பலியோடு சேர்த்து விளக்கும் எபிரெயர் 9, 10 அதிகாரங்களை அறியாமல் அதற்குள் நுழைகிறவர்கள் களைத்துப்போவது இயல்பே.

இப்போதைக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 16 அதிகாரம்தான், நாளுக்கு அரை அதிகாரம் போதும். ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். பிறகு ஒரு வசனத்தில் நின்று, அதையே ஜெபமாக்குங்கள். முதல் அதிகாரத்தில் குஷ்டரோகி, "உமக்குச் சித்தமானால் என்னைச் சுத்தமாக்க உம்மால் ஆகும்" என்கிறான். இயேசு மனதுருகி அவனைத் தொடுகிறார். யாரும் தொடத் தயங்கிய ஒருவனை! உங்களுக்குள் நீங்கள் மறைத்துவைத்திருப்பதை அந்த வார்த்தைகளாலேயே அவரிடம் சொல்லுங்கள்.

நினைவு ஓடினால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கடன், பிள்ளையின் பரீட்சை என்று எது குறுக்கே வருகிறதோ, அதையே விண்ணப்பமாக்குங்கள். மெல்லிய குரலில் ஜெபித்தால் சிதறல் குறையும். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். வேதத்தை அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரண்டு பங்கு வாசிக்காதீர்கள். பலர் விட்டுவிடுவது இந்தப் பாக்கிக் கணக்கால்தான். அன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். யோவான் 15-இல் ஆண்டவர் கேட்பது, கொடி செடியில் இருப்பதுபோல அவரில் நிலைத்திருப்பதை. அதிகார எண்ணிக்கையை அல்ல.

மனம் வறண்ட நாட்களுக்கு, வேதத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களில் 13-ஆம் சங்கீதம் இருக்கிறது. ஆறே வசனங்கள், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்ற கேள்வியோடு தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதுவும் ஜெபம்தான்.

கேள்வி: செய்த பாவத்தையே மறுபடி செய்துவிட்டேன். சில நாள் கழித்து ஜெபிக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். அந்தச் சில நாட்களில் வெட்கம் குறையாது. ஜெபிக்கும் வழக்கம்தான் குறையும். 1 யோவான் 1:9 மன்னிப்பை உங்கள் தகுதியின்மேல் வைக்கவில்லை, அவருடைய உண்மையின்மேலும் நீதியின்மேலும் வைக்கிறது. "நான் பாவி" என்று பொதுவாகச் சொல்லி நகராமல், செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள். வார்த்தை வராவிட்டால், பாவத்துக்காக மனம் நொந்து மன்னிப்புக் கேட்கும் 51-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அதே பாவம் திரும்பத் திரும்ப வந்தால், சபையில் இரகசியம் காக்கும் முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் சொல்லி, இருவருமாக ஜெபியுங்கள். யாக்கோபு 5:16 சொல்வது இதைத்தான். இதை இன்றைக்கே செய்யுங்கள்.