மூன்று முறை பார்த்த வீடியோ

வணக்கம் சார்,

நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு விருதுநகர் பக்கம் ஒரு சிசிடிவி கடையில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். நெட்வொர்க் வேலைக்குப் போக வேண்டும் என்று நான்கு மாதமாக சிசிஎன்ஏ என்ற சிஸ்கோ கம்பெனியின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வுக்குத் தனியாகப் படிக்கிறேன். யூடியூபில் ஒரு முழு வகுப்பை மூன்று முறை பார்த்துவிட்டேன். இரண்டு நோட்டு நிறையக் குறிப்பு இருக்கிறது. பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மாதிரித் தேர்வு எழுதினால் பாதிக்கு மேல் தப்பு. நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட்டிங் கேள்வி வந்தாலே கை ஓடவில்லை.

கடை வேலையில் கற்றது எதுவும் இதற்கு உதவவில்லை. போன வாரம்கூட ஒரு வீட்டில், வெளியிலிருந்து வருவதைக் கேமராவுக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் எல்லாம் சரியாகப் போட்டும் வெளியிலிருந்து கேமரா தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், இன்டர்நெட் கம்பெனி அவர்களுக்குப் பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய முகவரி) தரவில்லை. இப்படித்தான் என் நாள் போகிறது.

இன்ஸ்டிட்யூட்டில் கேட்கும் கட்டணம் என் மூன்று மாதச் சம்பளம். வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் டம்ப்ஸ் (தேர்வில் வந்த கேள்வி-பதில்) தருகிறேன், மனப்பாடம் செய்தால் போதும் என்கிறார். சென்னை ரிச்சி தெருவில் பழைய சிஸ்கோ 2950 ஸ்விட்ச் மலிவாகக் கிடைக்கிறதாம், வாங்கலாமா? தனியாகப் படித்துத் தேற முடியுமா?

கே.

அன்புள்ள கே,

முடியும். இந்தத் தேர்வுக்குப் பட்டமும் கேட்பதில்லை, வகுப்புக்குப் போன சான்றும் கேட்பதில்லை. 300 டாலர் கட்டினால் உட்காரலாம். வரியோடு சேர்த்தால் நம் பணத்தில் 25,000 ரூபாய்க்கு மேல் வரும் என்பதால், ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று போய் உட்காரக் கூடாது என்பது மட்டும்தான் என் பயம்.

கடை வேலை உதவவில்லை என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே சிசிஎன்ஏ பாடத்தில் ஒரு அத்தியாயத்தை எழுதியிருக்கிறீர்கள். அந்த வீட்டு ரவுட்டரின் வான் (WAN) முகவரியை, அதாவது இன்டர்நெட் பக்க முகவரியைப் பார்த்தீர்களா? 100.64-இல் தொடங்கி 100.127 வரைக்குள் ஏதோ ஒன்று இருந்திருக்கலாம். ஒரே பப்ளிக் முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுவதற்காக 2012-இல் தனியாக ஒதுக்கிய வரிசை அது. அந்த வீட்டு ரவுட்டரில் ஒரு நாட் (முகவரியை மாற்றி அனுப்பும் வேலை), அதற்கு மேலே கம்பெனியில் இன்னொரு நாட். நீங்கள் திறந்த கதவு முதல் சுவரில், பூட்டு இருந்தது இரண்டாவது சுவரில். நாட் பற்றிய கேள்வியை இனி இந்த வீட்டை நினைத்துக்கொண்டு படியுங்கள். இரவானதும் ஒரு கேமரா மட்டும் ஆஃப் ஆகி ஆன் ஆகும் புகார் உங்களுக்கு வந்திருக்குமே? ஐஆர் விளக்கு எரிந்ததும் கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கிறது, ஸ்விட்சால் கொடுக்க முடியவில்லை. நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் கொடுப்பதற்குப் பாடத்தில் பெயர் பவர் ஓவர் ஈதர்நெட். பழைய தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், அடுத்ததில் 30. ஏணியில் நின்று படித்த பாடம் இது. நோட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் அந்த ‘மூன்று முறை’யில் இருக்கிறது. வீடியோ போடுகிறவர் தன் தவறுகளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் போடுகிறார். அவர் அடித்த கமாண்ட் எல்லாம் முதல் தடவையே வேலை செய்யும். அதைப் பார்க்கிற நமக்கும் புரிந்ததுபோல் இருக்கும். நான்காவது முறை பார்க்காதீர்கள்.

சிஸ்கோவின் நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தால் பேக்கெட் ட்ரேசர் என்ற பயிற்சி மென்பொருள் இலவசம். கடை லேப்டாப்பிலேயே ஓடும். இரண்டு ரவுட்டரை நேரடியாக ஈதர்நெட்டில் இணைத்து முகவரி கொடுங்கள். மறுபக்கம் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் அடிப்பதற்கு முன்னால், என்ன வரும் என்று தாளில் எழுதிவையுங்கள். ஐந்து ஆச்சரியக்குறி, அதாவது ஐந்து பதில், வரும் என்று எழுதியிருப்பீர்கள். வருவது ஒரு புள்ளியும் நான்கு ஆச்சரியக்குறியும், வெற்றி 80 சதவீதம். அந்த ஒரு புள்ளி ஏன்? அடுத்த ரவுட்டரின் மேக் என்னும் வன்பொருள் முகவரி தெரியாமல், ‘இந்த ஐபி யாருடையது’ என்று ஏஆர்பி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முதல் பேக்கெட் தொலைந்துவிட்டது. இரண்டாவது தடவை அடித்தால் ஐந்தும் வரும். அந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று நீங்களே தேடிக் கண்டுபிடித்தால், ஏஆர்பி சாகும்வரை மறக்காது.

பிறகு ரவுட்டர்கள் வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப் ஓட விட்டு, ஒரு பக்கம் மட்டும் ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் ஹலோ நேரத்தை 10 வினாடியிலிருந்து 15 ஆக்குங்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டும் பேச்சை நிறுத்திவிடும். எவ்வளவு நேரம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். இப்படி ஒரு நாளைக்கு ஒன்றைக் கெடுத்துச் சரிசெய்யுங்கள்.

கெடுத்த கதை என்னிடமும் ஒன்று உண்டு. முதல் வேலையில், பல வி-லான்களை (ஒரே ஸ்விட்சில் பிரித்த தனி நெட்வொர்க்குகளை) சுமந்து ஓடிக்கொண்டிருந்த ட்ரங்க் இணைப்பில் புதிதாக 30-ஆம் வி-லானைச் சேர்க்கச் சொன்னார்கள். ‘அலவ்டு வி-லான் ஆட் 30’ என்று அடிக்க வேண்டும். நான் ‘ஆட்’ என்ற மூன்றெழுத்தை விட்டுவிட்டேன். ஸ்விட்ச் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதுவரை இருந்த வி-லான்களை எல்லாம் தூக்கிவிட்டு 30-ஐ மட்டும் வைத்துக்கொண்டது. மேல்மாடி முழுக்க போன் செத்தது. நான் உள்ளே நுழைந்திருந்த இணைப்பும் அதே வழியாகத்தான் என்பதால் என் திரையும் உறைந்தது. ஸ்விட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு மாடி ஏறி ஓடினேன். பேக்கெட் ட்ரேசரில் இதைச் செய்து பாருங்கள், அங்கே யாரும் திட்ட மாட்டார்கள்.

சப்நெட்டிங்கில் கை நிற்பது, அட்டவணையை மனப்பாடம் செய்ய முயல்வதால் என்று நினைக்கிறேன். 192.168.10.77, ஸ்லாஷ் 27. எந்த நெட்வொர்க்? ஸ்லாஷ் 27 என்றால் முகவரியின் 32 பிட்டில் முதல் 27 நெட்வொர்க்குக்கு, அதைக் காட்டும் மாஸ்க்கின் கடைசி எண் 224. 256-இல் 224 போக 32. இனி 32-ஆம் வாய்ப்பாடுதான்: 0, 32, 64, 96. 77 விழுவது 64-க்கும் 96-க்கும் நடுவில். ஆகவே நெட்வொர்க் 64, பிராட்காஸ்ட் 95, கருவிகளுக்குக் கொடுக்க 65 முதல் 94 வரை 30 முகவரிகள். தெருவில் 32 மனை. முதல் மனை தெருப் பெயர்ப் பலகைக்கு, கடைசி மனை தண்டோரா போடுகிறவருக்கு, மிச்சம் 30 வீடு. இரண்டாம் வகுப்பில் ஒப்பித்தது போல 16, 32, 64 மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பஸ்ஸில் போகும்போது தினம் இருபது கணக்கு, ஒன்றுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. தேர்வு 120 நிமிடம், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வர முடியாது. சப்நெட்டில் மிச்சம் பிடிக்கிற நிமிடங்கள்தான் கமாண்ட் அடித்துச் செய்து காட்டும் லேப் கேள்விக்குக் கிடைக்கும்.

எதில் எவ்வளவு நேரம் போடுவது என்பதற்கு சிஸ்கோவே கணக்குக் கொடுத்திருக்கிறது. ரவுட்டிங் அடங்கிய ஐபி கனெக்டிவிட்டிக்கு 25 சதவீதம். அடிப்படைக்கும் ஸ்விட்சிங் பகுதிக்கும் தலா 20. ஆட்டோமேஷன் 10 மட்டுமே. 2024 ஆகஸ்டில் வந்த 1.1 பதிப்பில் ஏஐயும் சேர்ந்துவிட்டது என்று யாராவது மிரட்டினால், அது இந்த 10-க்குள்தான் என்று சொல்லிவிட்டு ரவுட்டிங்குக்குத் திரும்புங்கள்.

டம்ப்ஸ் வேண்டாம். தெரியவந்தால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யலாம். தெரியாமல் போனாலும், நேர்முகத்தில் நான் முதலில் கேட்பது ‘லேப்டாப்பில் இன்டர்நெட் வரவில்லை, எங்கிருந்து தொடங்குவீர்கள்’ என்பதுதான். டம்ப்ஸ் படித்து வந்தவர் நெட்வொர்க் வேலையை அடுக்குகளாகப் பிரிக்கும் ஓஎஸ்ஐயின் ஏழு அடுக்கையும் ஒப்பிப்பார். நீங்கள் கேபிளைப் பார்ப்பேன், போர்ட்டில் விளக்கு எரிகிறதா பார்ப்பேன் என்பீர்கள். எனக்கு வேண்டியது இரண்டாவது ஆள். இன்ஸ்டிட்யூட்டைப் பொறுத்தவரை, தினம் உட்கார வைக்க ஒருவர் வேண்டும் என்றால் மட்டும் போங்கள். நான்கு மாதம் தனியாகத் தாக்குப்பிடித்தவருக்கு அது தேவைப்படாது.

2950 தேவையில்லை. அது 100 எம்பிபிஎஸ் காலத்து ஸ்விட்ச், ரவுட்டிங் தெரியாது, இரவில் அதன் ஃபேன் சத்தத்தில் வீட்டில் யாரும் தூங்க முடியாது. கையில் ஒரு நிஜப் பெட்டி வேண்டும் என்று மனசு கேட்டால் வாங்குங்கள், தப்பில்லை. ஆனால் கன்சோல் கேபிளையும் கேட்டு வாங்குங்கள், அதைக் கொடுக்க மறந்துவிடுவார்கள். பெட்டியில் பழைய முதலாளியின் பாஸ்வேர்டு இருக்கும். முன்பக்கத்தில் உள்ள மோடு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவர் கொடுத்து, அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்தால் வழி விடும். பவர் பட்டன் எங்கே என்று தேடாதீர்கள், அதில் கிடையாது. பிளக்கைச் செருகுவதுதான்.